கொட்டும் கையும் தட்டும் கையும்

தாளம் என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நாட்டில் இரண்டு விலை உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இசையரங்கின் முன்வரிசையில் மேலாடை புரள அமர்ந்திருப்பவர் விரல் மடக்கித் தம் தொடையில் தட்டினால், அது தாள ஞானம். அரங்கின் வாயிலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் அதே சொல் புழுதியில் புரளக் காண்கிறோம். வேலை கிடைக்காது அலைகின்றவன் 'சோற்றுக்குத் தாளம் போடுகிறான்'. மேலதிகாரி எது சொன்னாலும் தலையசைப்பவன் 'தாளம் தட்டுகிறான்'. இன்னும் பச்சையாகச் சொன்னால் 'ஜால்ரா அடிக்கிறான்'. வறுமையில் வாடுகிறவன் 'சிங்கி அடிக்கிறான்'. தன்னைத்தானே புகழ்ந்து கொள்பவன் 'தம்பட்டம் அடிக்கிறான்'. இருபுறமும் உதைபடுகின்றவனுக்கு மத்தளமே உவமை.

ஜால்ராவும் சிங்கியும் தம்பட்டமும் மத்தளமும் தாளக் கருவிகள். யாழை வைத்து இப்படி ஒரு வசைமொழி எழுந்ததுண்டா? வீணையை வைத்து எழுந்ததுண்டா? ஊதுகருவிகளில் 'ஒத்து ஊதுதல்' ஒன்று வசையாயிற்று. அதுவும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் எளிய துணைவனின் கருவி. மீட்டுகின்ற விரலை மொழி மதித்தது. கொட்டுகின்ற கையை ஏசிற்று. இந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது? சொல்லாராய்ச்சி புலவர்க்குரியது என்று ஒதுங்கிவிடாமல், பகுத்தறிவு இளைஞர்கள் இதனை ஆராய வேண்டும் என்பதே நமது விருப்பம்.

தாளத்திற்குச் சொற்பிறப்புக் கூறும் சங்கீதப் பெரியவர்களை முதலில் கவனிப்போம். 'தா' என்பது தாண்டவத்தின் முதலெழுத்தாம். 'ள' என்பது லாசியத்தின் முதலெழுத்தாம். ஆடிய ஆண் கடவுளின் எழுத்து ஒன்று, ஆடிய பெண் கடவுளின் எழுத்து ஒன்று, இரண்டும் சேர்ந்து தாளமாயிற்றாம்! ஒரு சொல்லைப் பெற்றெடுக்கக் கடவுளர் இருவர் ஆட வேண்டியிருந்தது என்று நம்புகிறவர்கள் தம் உள்ளங்கையைப் பார்த்துக் கொள்ளவில்லை. வடமொழியிலேயே 'தலம்' என்றால் உள்ளங்கை. கையோடு கை தட்டுவதைத் 'தாலம்' என்றனர். அந்த மொழியின் எளிய விளக்கமே கையைக் காட்டும்போது, கயிலைக்கு ஏன் ஏறவேண்டும்?

ஐரோப்பியரும் இதில் இளைத்தவரல்லர். 'ரிதம்' என்ற சொல் கிரேக்க மொழியில் 'ஓடுதல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது, கடலலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனிதன் அதனைக் கற்றான் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எமில் பென்வெனிஸ்ட் என்னும் பிரெஞ்சு மொழியறிஞர் 1951இல் எழுதிய கட்டுரையில் இந்த இனிமையைக் கலைத்தார். ஆறு ஓடும், கடல் ஓடுமா? கிரேக்கர் அந்த வினையைக் கடலலைக்கு வழங்கவே இல்லை என்று காட்டினார். அணுக்கொள்கை கூறிய டெமாக்ரிட்டசு அந்தச் சொல்லை அணுக்களின் வடிவத்திற்கு வழங்கினான். உடலின் ஒழுங்கான அசைவுக்கு அதனை உரிமையாக்கியவர் பிளேட்டோ. இராயபுரத்து மீனவரிடம் முன்பே கேட்டிருந்தாலும் இந்த உண்மை விளங்கியிருக்கும். அலை ஒரே சீராக வருவதில்லை. சீராக வருவது துடுப்புப் போடும் கை. வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் ஒழுங்கு அலையிடம் கற்றதன்று, அலையை எதிர்க்கக் கற்றது.

இந்த இடத்தில் கார்ல் பியூகர் என்ற செருமானியப் பொருளியலாரின் நினைவு வருகிறது. 'உழைப்பும் தாளமும்' என்று பொருள்படும் அவரது நூல் 1896இல் வெளிவந்தது. பல நாட்டு வேலைப் பாடல்களைத் திரட்டி வைத்து, கூடி உழைக்கும் உடல்களின் ஒத்த அசைவிலிருந்தே பாட்டின் ஒழுங்கு பிறந்தது என்று அவர் வாதிட்டார். பலர் ஒன்றாய் இழுக்க வேண்டுமானால் எல்லோர் மூச்சும் ஒரே நொடியில் இறங்க வேண்டும். அந்த நொடியைக் குறிக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலே பாட்டின் விதை. இதனை முழுதும் ஏற்க இயலாது, தாலாட்டு எந்தக் களத்தில் பிறந்தது என்று கேட்போர் உண்டு. தொட்டிலாட்டுவதை உழைப்பில் சேர்க்காத ஆண்களின் கேள்வி அது என்பது நமது விடை.

சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். இராய் சௌத்திரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது. நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். நால்வரின் முதுகும் ஒரே கணத்தில் வளைந்திருக்கிறது. உலோகம் பேசாது, பேசினால் 'ஐலசா' என்றே பேசும்.

தமிழின் பழஞ்சொற்களுக்கு வருவோம். 'ரிதம்' என்பதற்குத் தமிழில் நிகர்ச்சொல் உண்டா என்று கேட்கும் படித்தவர்கள் இன்றும் இருக்கின்றனர். பாணி, சீர், தூக்கு, வண்ணம் என்று அள்ளித் தரலாம். தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணங்களை மட்டும் இருபதாக வகுக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் பழைய உரை, பாணிக்குக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. கொட்டு அரை மாத்திரை; அசை ஒன்று; தூக்கு இரண்டு; அளவு மூன்று. இந்த நான்கு சொற்களையும் கூர்ந்து நோக்குங்கள். கொட்டுதல், அசைதல், தூக்குதல், அளத்தல் என நான்கும் மனிதன் உடம்பால் செய்யும் வினைகள்; களத்திலும் கடையிலும் அன்றாடம் நடப்பவை. நெல்லைக் கொட்டியவன், சுமையைத் தூக்கியவன், மரக்காலால் அளந்தவன் ஆகியோரின் வாயிலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டே நம் முன்னோர் இசைநூல் செய்தனர். அங்கே தாண்டவமும் இல்லை, லாசியமும் இல்லை.

சீர் என்னும் சொல் இன்னும் சுவையானது. செய்யுளில் அது ஓர் உறுப்பு; இசையில் தாள அறுதி; வழக்கில் ஒழுங்கு, அழகு, பெருமை. நாம் நாள்தோறும் வழங்கும் 'சீர்திருத்தம்' என்ற சொல்லுக்குள்ளும் இந்தச் சீரே அடியெடுத்து நிற்கிறது.

இத்தனை சொற்கள் இருக்க, மேட்டுக்குடி இசையுலகம் தேர்ந்துகொண்டது 'லயம்'. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் கரைதல், ஒடுங்குதல். பிரளயத்தில் இருப்பதும் அதே லயந்தான். இசைநூலில் அது வேகத்தின் அளவையும் குறிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் 'லயித்துவிட்டேன்' என்று ஒருவர் கண்மூடிச் சொல்லும்போது அவர் எதையும் அளந்துகொண்டிருக்கவில்லை, தம்மை மறந்திருக்கிறார். தமிழ்ச் சொற்கள் அளக்கச் சொல்கின்றன. இந்தச் சொல் கரையச் சொல்கிறது. இலங்கை மலையகத்திலும் ஒரு 'லயம்' உண்டு. அது ஆங்கிலத்து 'லைன்' திரிந்த சொல். தேயிலைத் தோட்டத் தமிழரை அடைத்து வைத்த வரிசை வீடுகளுக்குப் பெயர். அந்த லயங்களில் விடியுமுன் தப்பொலி எழும்பியது. யாரும் கரைந்துபோக எழுப்பிய ஒலியன்று. தொழிலாளரைப் பிரட்டுக்களத்தில் வரிசையாய் நிறுத்த எழுப்பியது. ஒருவனின் தோற்கருவியை அவனுக்கே விலங்காக்கிய விந்தை அது.

சொற்களை விட்டு இனிக் கருவிக்கு வருவோம். அதற்கு நம்மை அழைத்துச் செல்ல யானைக்கவுனியை விடத் தக்க இடம் சென்னையில் வேறில்லை. பிரெஞ்சுக்காரரின் 1758–59 முற்றுகைக்குப் பின்னர், கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் கும்பினியார் மதில் எழுப்பினர். மதிலின் செலவுக்கு மக்கள்மீது வரி விதிக்க எண்ணியதன் நினைவாகவே வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் நிற்கிறது. மேற்கு மதிலின் வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. கவுனி என்றால் வாயில். அதற்கு அடுத்த வாயிலுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரோ, தோல் தைக்கும் தொழிலாளரின் சாதிப் பெயர். யானைக்கு ஒரு வாயில், தோல் தொழிலாளிக்கு ஒரு வாயில்! மதில் இடிந்தது; அந்த வாயிலின் பெயரும் மறைந்தது. யானையின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இருப்புப்பாதையைக் கடந்தால் ஒரு நடைத் தொலைவில் பெரியமேடு. தென்னாட்டுத் தோல் வாணிபத்தின் பெயர்பெற்ற களம் அது. இந்தப் பக்கமோ பழைய ஜார்ஜ் டவுன்: வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்து வாசித்த பகுதி. வால்டாக்ஸ் சாலையிலேயே ஒற்றைவாடைக் கொட்டகை. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கிய இடம். தோல் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம். நடுவே ஒரு மதில்!

அந்த மதிலைத்தான் இசையரங்கம் இன்னும் இடிக்கவில்லை. மிருதங்கம் என்ன பொருளால் ஆகிறது? பலா மரமும் தோலும். பசு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். எந்த இடத்துத் தோல், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நாள் காய்ச்சல், வாரை எவ்வளவு இறுக்கினால் எந்தச் சுருதி என்பதெல்லாம் செய்பவரின் விரல் நுனியில் உள்ள அறிவு. வலந்தலையின் நடுவே உள்ள கருவட்டத்தைச் சோற்றோடு கற்பொடி குழைத்துப் படலம் படலமாய் ஏற்றித் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் பிழை நேர்ந்தால் எந்த மேதையின் விரலும் நாதத்தை வரவழைக்க முடியாது. பசுவைக் கொல்லாதே என்று மேடையில் உருகும் வைதிகம், பசுத்தோல் போர்த்த மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மாலை முழுதும் மகிழ்கிறது. தோலை உரித்தவன் தீட்டு, பதப்படுத்தியவன் தீட்டு, போர்த்தியவன் தீட்டு; போர்த்து முடிந்த கருவி மட்டும் நந்தியெம்பெருமானின் வாத்தியம்! எந்த மந்திரத்தால் இந்தத் தீட்டு எந்த நொடியில் கழிந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை இசையரங்கின் உள்ளிருந்தே ஒருவர் எழுப்பினார் என்பது குறிக்கத் தக்கது. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். மிருதங்கம் செய்வோரின் வரலாறு அது. தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தாரைப் பற்றியது. பாலக்காடு மணி ஐயருக்குக் கருவி செய்து தந்த பர்லாந்தின் கைத்திறனைப் பேசுவது. வெளியீட்டுக்கு இடம் தருவதாக ஒப்பிய கலாக்ஷேத்திரா, பின்னர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் உள்ள இதழியல் கல்லூரியில் நடந்தது. ஒரு கருவி தன் பிறப்பைச் சொன்னால் கலையகம் கதவடைக்கிறது என்றால், அந்தக் கலையின் அச்சம் எத்தகையது! நூலைப் பற்றி நமது கருத்து இது: மிருதங்கத்தின் நாதம் வாசிப்பவர், செய்பவர் இருவரின் கூட்டுப் படைப்பு என்பதை அந்நூல் ஐயமற நிறுவுகிறது. விளம்பரத் தாளில் ஒருவர் பெயரும் கூலிக் கணக்கில் மற்றவர் பெயரும் ஏறுவது ஏன் என்ற கேள்விக்கு, அதனைப் படித்த பின்னர் எவரும் மழுப்ப முடியாது.

வாசிப்பவரின் மரபிலும் மறைத்தது மிகுதி. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922), மாரியப்பத் தவில்காரரிடம் பயின்றவர். இன்று 'லய விந்யாசம்' என்று பெரிதாய்ப் போற்றும் கணக்குகளின் ஒரு பெரிய ஊற்று, தெருவில் நின்று கொட்டிய தவிலில் இருக்கிறது. அந்தத் தவில்காரருக்கும் நாதசுரக்காரருக்கும் ஊர்ப் பெரிய மனிதர் தந்த மரியாதை என்ன? தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது. சுயமரியாதை இயக்கத்தார் அந்தத் துண்டை மீண்டும் தோளில் ஏற்றப் போராடியதை இளைஞர்கள் அறிவார்கள். ஒரு முழத் துணிக்காகப் போராட வேண்டியிருந்த கலைஞனின் சொற்கட்டைத்தான் குளிரூட்டிய அவையில் 'தகிட', 'தகதிமி' என்று சுவைக்கின்றனர். மூன்றும் நான்கும் கூடினால் ஏழு என்ற கணக்கு எந்தச் சாதிக்கும் உடைமையன்று.

பறைக்கு நேர்ந்ததை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. பறை என்றால் பழந்தமிழில் சொல். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்படியே வழங்குகிறது. பறவையின் சிறகுக்கும் அந்தப் பெயர் உண்டு, நெல் அளக்கும் கருவிக்கும் உண்டு. பேசுதலையும் பறத்தலையும் அளத்தலையும் குறித்த ஒரு சொல்லை ஒரு மக்கட்பிரிவின் பெயராக்கி, அந்தப் பெயரை வசையாக்கி, கடல் கடத்தி ஆங்கிலத்திலும் சேர்த்துவிட்டது நம் சாதியமைப்பு. உலகில் எந்த நாட்டை ஒதுக்கி வைத்தாலும் ஆங்கில ஏடுகள் 'பரியா' என்று எழுதுகின்றன. தமிழ் உலகுக்கு ஈந்த சொற்களுள் இதுவும் ஒன்று என்று பெருமை கொள்ளவா முடியும்?

தப்பு என்ற பெயரின் கதையும் இத்தகையதே. துணியை அடித்துத் துவைப்பதைத் தப்புதல் என்கிறோம். அடித்தல் என்ற அந்தப் பொருளிலேயே கருவியின் பெயர் அமைந்தது. ஆனால் பிழைக்கும் அதே ஒலியில் ஒரு சொல் இருப்பதால், 'தப்பு அடிக்கிறவன்' என்ற தொடரே ஏளனமாகிவிட்டது. எனவே கலைஞர் பலர் 'தப்பு என்று அழையாதீர், பறை என்று அழையுங்கள்' என்கின்றனர். அது நேர்மையான கோரிக்கை.

ஊரார்க்கு அரசு ஆணையை அறிவிக்கும் தண்டோராவும் இவ்வாறே ஒரு பிரிவினரின் தலையில் விழுந்த வேலை. 2022 ஆகஸ்டில் அந்த வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன பின்னர்!

இங்கே தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கின்றனர். பறையைக் கீழே போடச் சொல்வதா, கையில் எடுக்கச் சொல்வதா? தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றோர் 'பறையடிக்க மாட்டோம், பிணந்தூக்க மாட்டோம்' என்ற மறுப்பை ஓர் இயக்கமாக்கினர். அரை நூற்றாண்டு கழித்து அதே பறையை நகரத்து மாணவரும் பெண்களும் இடையில் கட்டி ஆடுகின்றனர். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முன்னவர் தவறா, பின்னவர் தவறா? இரண்டிலும் முரண் இல்லை என்பதே நமது தீர்ப்பு. முன்னவர் மறுத்தது ஒலியையன்று; 'நீதான் அடிக்க வேண்டும், அடித்தே தீர வேண்டும், அரிசியைத் தந்தால் வாங்கிக்கொண்டு போ' என்ற கட்டாயத்தை. விருப்பமுள்ள எவரும் அடிக்கலாம், விரும்பாத எவரும் மறுக்கலாம் என்ற நிலை வந்த இடத்தில்தான் பறை கலையாகிறது. நகரத்து மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டுச் சொந்த ஊர்ச் சாவு வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று பாராமல் திரும்புகிறவரின் கைதட்டலை நாம் பெரிதாக எண்ணவில்லை.

சாவு வீடு என்றதும் யானைக்கவுனிக்கு மீண்டும் வரவேண்டியிருக்கிறது. அங்கிருந்து சிறிது வடக்கே மூலக்கொத்தளம் இடுகாடு. 1939இல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் அது. (தாளமுத்து என்னும் பெயரிலேயே தாளம் இருப்பதை எண்ணி வியந்தோம்.) அந்த இடுகாட்டை நோக்கிச் செல்லும் பாதைகளில் இரவெல்லாம் கானா எழும். துறைமுகச் சுமையாளர், கைவண்டி இழுப்போர், மீன்பாடி வண்டிக்காரர் ஆகியோரின் தெருவில் ஒருவர் இறந்தால், சட்டியும் டேப்பும் டோலக்கும் கூட விடியும்வரை பாடுவர். ஒன்றும் கிடைக்காவிட்டால் தீப்பெட்டியே கருவி. செத்தவன் சொர்க்கம் புகுந்தான் என்று அந்தப் பாட்டு பொய் ஆறுதல் கூறுவது குறைவு. அவன் என்ன வேலை செய்தான், எவ்வளவு கடன் வைத்தான், பெண்டாட்டியை எப்படி அடித்தான் என்பதையும் மறைக்காமல் பாடும். புரோகிதன் சொல்லும் புரியாத மொழியை விட இதில் உண்மை மிகுதி. குறைகளும் உண்டு: பெண்ணை இழிவாய்ப் பேசும் வரிகளைக் கானாவில் கேட்கும்போது, ஒடுக்கப்பட்டோர் பாட்டு என்பதற்காக நாம் கைதட்ட வேண்டுவதில்லை.

திரைப்படத்தார் இந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டு ஒரு பெயர் சூட்டினர்: குத்துப்பாட்டு. முகஞ்சுளித்துச் சொல்லும் சொல்லாகிவிட்டது அது. 'வெறும் குத்து' என்றால் தரமற்றது என்று பொருள். குத்து என்ற சொல்லின் ஊரை அறிந்தவர் இப்படிச் சுளிக்கமாட்டார். நெல்லைக் குத்தியவள் பாடியது வள்ளைப்பாட்டு. இளங்கோவடிகளின் காப்பியத்திலேயே அதற்கு இடம் உண்டு. உலக்கை ஏறும்போது ஒரு மூச்சு, இறங்கும்போது ஒரு மூச்சு. எதிரே நிற்பவளின் உலக்கையோடு மோதாதபடி இருவர் மாறி மாறிக் குத்தும் கணக்கு. காப்பியத்தில் இருந்தால் வள்ளை, வியாசர்பாடியில் இருந்தால் குத்து! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முறை மேடையேறியபோது, இந்தக் குத்தும் கானாவும் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்றோர் என்ற கருத்தைப் பெயராய்த் தாங்கி நின்றன. சாதியை நேருக்கு நேர் கேட்ட பாட்டுக்கு உயர்ந்த சந்தம் தேவைப்படவில்லை; சட்டி போதுமானதாயிருந்தது.

தாளம் எப்போதும் உழைப்பவன் பக்கமே நிற்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது சிந்தனையை மூழ்கடிக்கவும் வல்லது. வைதிகத் திருமணத்தில் தாலி கட்டும் நேரம் 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்று கூவுகின்றனர். ஏன்? எவராவது தும்மினால், எவராவது அமங்கலச் சொல் கூறினால் அது காதில் விழக்கூடாதாம்! தும்மலுக்கு அஞ்சி மேளம். மணப்பெண் 'எனக்கு விருப்பமில்லை' என்று அந்த நொடியில் முனகியிருந்தால் அதுவும் சேர்ந்தே மூழ்கியிருக்கும். ஊர்வலத்து முழக்கமும் மேடையின் அடுக்குமொழியும் இந்த ஆய்விலிருந்து தப்ப முடியாது. எதுகையும் மோனையும் காதைப் பிடித்து இழுக்கும் வேகத்தில், சொன்ன கருத்து சரியா என்று கேட்க மறக்கிற கூட்டம், கருத்துக்குக் கைதட்டவில்லை, தாளம் தட்டுகிறது. இளைஞர்கள் ஒரு பேச்சைக் கேட்டு வீடு திரும்பிய பின்னர், அதன் அடுக்குகளைக் களைந்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பார்க்கலாம். சில பேச்சுகளில் நிறைய மிஞ்சும்.

ஆலையின் தாளம் இவையெல்லாவற்றிலும் கொடியது. பேசின் பாலத்துக்கு அப்பால் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளின் சங்கு ஒருகாலத்தில் வடசென்னையின் மூச்சை அளந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, அதன் முதற்குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் உணவுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. மனித வயிற்றின் தாளத்துக்கும் இயந்திரத்தின் தாளத்துக்கும் நடந்த வழக்கு அது. ஆலை 1996இல் மூடிவிட்டது, வழக்கு மூடவில்லை. உடம்புக்குள் ஒரு நாட்கணக்கு ஓடுகிறது, உயிரணுவிலேயே அதன் பொறி இருக்கிறது என்று கண்டறிந்த அமெரிக்க அறிவியலார் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு முறைவேலை புற்றுநோய்க்கு வழிகோலக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் அதனை உறுதி செய்தது. எண்ணூரிலும் மணலியிலும் மூன்று ஷிப்டு மாறி மாறிக் கண்விழிக்கிறவனிடம் இதனை விளக்கிச் சொன்னவர் எத்தனை பேர்? பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டமுன்வரைவு 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்த பின்னரே அந்த ஆண்டு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரம் என்பதும் ஒரு தாள அறுதிதான். அறுதியை எவன் நீட்டுகிறான் என்று கண்காணிக்க வேண்டியது சங்கீத வித்துவான்கள் அல்லர்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். யானைக்கவுனிச் சுற்றுவட்டத்துப் பள்ளிகளில் எந்த வகுப்பிலும் பலகையின்மீது விரலால் கொட்டுகிற பையன் ஒருவனாவது இருப்பான். இருப்புப்பாதையருகே வளர்ந்தவன். பாளத்தின் இணைப்பில் சக்கரம் ஏறும் ஓசையைத் தொட்டிலிலேயே கேட்டவன். இப்போது நெடும்பாளங்களைப் பற்றவைத்துவிட்டதால் அந்த ஓசை குறைந்தது. பேசின் பாலத்துச் சந்திகளில் மட்டும் இன்னும் கேட்கிறது. அவன் கொட்டுவதைக் கூர்ந்து கேட்டால் மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று ஏழு ஏழாய் ஓடும். எட்டாவது சுற்றில் பிசகாமல் முதலிடத்தில் வந்து விழும். ஐம்பத்தாறை ஏழால் வகுக்கக் கரும்பலகையில் தடுமாறுகிற அதே பையன்! கணக்காசிரியர் திரும்பிப் பார்த்து, 'என்னடா அங்கே தாளம்?' என்று பிரம்பை எடுக்கிறார்.